ரோசக்காரர்களின் ஆட்டமா? குத்துச்சண்டை மனதுக்குள் செய்யும் வேலை

வடசென்னையில் அந்தக் காலத்துச் சுவரொட்டிகளில் ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரைகளாக, அதாவது குத்துச்சண்டைக் குழுக்களாகப் பிரிந்து நின்று மோதிய காலம். கூட்டம் சேர்க்கப் போட்ட வார்த்தைதான் அந்த ‘ரோசமான’. ஆனால் அது நம் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. யாருக்குக் கோபம் அதிகமோ அவன் ஜெயிப்பான், இது முரடர்கள் வேலை என்று இன்றைக்கும் நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

இப்போது இதற்கு நேர்மாறான ஒரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. பாக்சிங்கில் சேர்த்தால் பிள்ளைக்கு மூளை கூர்மையாகும், தைரியம் வரும், ஒழுக்கம் வரும் என்கிறார்கள். எப்படி வரும் என்று கேட்டால், ‘அதெல்லாம் தானா வந்துடும் சார்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

என் மகள் இரண்டு வருடமாகப் பயிற்சிக்குப் போகிறாள். வாரத்தில் மூன்று மாலை அந்தக் கூடத்தின் சுவரோரம் உட்கார்ந்து பார்த்ததிலும், அவளுடைய மாஸ்டரைக் கேட்டதிலும், தேடிப் படித்ததிலும் எனக்குப் புரிந்ததை, கையுறையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். முதல் பேச்சு தப்பு. இரண்டாவது பேச்சு பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது.

ஆட்டோக்காரரின் கால்

சென்னையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். முன்னால் போகும் ஆட்டோ திரும்பப் போகிறதா என்று இண்டிகேட்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஓட்டுநரின் கால் லேசாக வெளியே நீளும். தோள் ஒரு பக்கம் சாயும். அதைக் கண்டதும் நம் கை தானாக பிரேக்கைப் பிடித்துவிடும். ஆட்டோ திரும்பிய பிறகுதான் பிடிப்பேன் என்றால் மோதித்தான் நிற்க வேண்டும்.

குத்துச்சண்டையின் முதல் மூளைவேலை இதுதான். ஒரு விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்துங்கள் என்றால், கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அசைய ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். எந்தப் பொத்தான் என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டும் என்றால் இன்னும் கூடும். நன்றாகப் பழகியவர் முன்கையால் நேராக விடும் குத்து, அதாவது ஜேப், உங்கள் முகத்துக்கு வந்து சேர ஏறக்குறைய அவ்வளவு நேரமே போதும். கையுறை கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் தடுக்கலாம் என்று காத்திருந்தால், தடுப்பதற்குள் அடி விழுந்துவிடும்.

பிறகு எப்படித் தப்பிக்கிறார்கள்? குத்து கையில் தொடங்குவதில்லை. பின்கால் பாதம் தரையில் திரும்புகிறது, இடுப்பு சுழல்கிறது, தோள் ஏறுகிறது, கடைசியில்தான் கை வருகிறது. பழகியவர் அந்த முதல் அசைவையே படித்துவிடுகிறார். இப்படிச் சின்ன அறிகுறியை வைத்து வரப்போவதை முன்கூட்டியே கணிப்பதற்கு முன்னூகம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். புதிதாக வருகிற பிள்ளைகள் எதிராளியின் கையுறையையே முறைத்துப் பார்ப்பார்கள். மாஸ்டர் முதலில் திருத்துவது அதைத்தான். பார்வையைக் கழுத்துக்குக் கீழே, நெஞ்சருகில் நிறுத்தச் சொல்வார். அங்கிருந்து தோள், இடுப்பு, கால் மூன்றும் ஓரப்பார்வையில் தெரியும்.

உக்ரைனின் வாசில் லோமசென்கோவை இதற்கு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். 2008, 2012 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். அமெச்சூர் ஆட்டங்களில் அவர் தோற்றது ஒரே ஒரு முறை. அவருடைய அப்பாதான் பயிற்சியாளர். மகனைச் சிறு வயதில் பாக்சிங்கை நிறுத்தச் சொல்லி நாட்டுப்புற நடனம் கற்க அனுப்பியவர் அவர். காலும் தாளமும் முதலில் சேரட்டும் என்பது அவர் கணக்கு. பின்னாளில் லோமசென்கோவின் பயிற்சியில் கட்டங்களுக்குள் கலைத்துப்போட்ட எண்களை வரிசையாகத் தேடித் தொடுவது போன்ற கவனப் பயிற்சிகளும் உண்டு.

இதுவரை சொன்னதன் சாரம்: வேகமான கையைவிட, முன்னதாகப் படிக்கும் கண் முக்கியம். அந்தப் படிப்பு ஆயிரக்கணக்கான முறை பார்த்துப் பார்த்து வருவது.

போக்குக் காட்டினால் ஏமாறாமல் இருப்பது

கபடி பார்த்திருப்பீர்கள். பாடிவரும் ஆள் காலை நீட்டுவான். புதுப் பையன் பாய்ந்து பிடிக்கப் போவான். அந்தக் கால் வெறும் போக்கு. பாய்ந்தவன் ‘அவுட்’ ஆகி வெளியே போவான். தேர்ந்த ஆட்டக்காரன் அந்தக் காலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பான். நிஜமான கால் வரும்போதுதான் அவன் உடம்பு அசையும்.

குத்துச்சண்டையிலும் போக்குக் காட்டுதல் பெரிய கலை. தோளை மட்டும் ஒரு வெட்டு வெட்டுவார்கள், குத்து வராது. முன்னூகத்தை நம்பி ஆடுகிறவரை, அந்த முன்னூகத்தை வைத்தே ஏமாற்றுவது. இதைச் சமாளிக்க இரண்டாவது திறமை வேண்டும்: கிளம்பிவிட்ட அசைவைப் பாதியில் நிறுத்துவது. இதை அடக்கும் திறன் என்று சொல்லலாம். செய்ய முடிந்தும் செய்யாமல் இருக்கத் தெரிவது.

இதில் முதல் பாடம் கண் இமை. எதுவும் முகத்துக்கு நேராக வந்தால் கண் மூடிக்கொள்ளும், தலை திரும்பும். இது பிறவியிலேயே வந்த காப்பு. ஆனால் வளையத்துக்குள், அதாவது ரிங்குக்குள், கண்ணை மூடினால் அடுத்த அடி தெரியாது. என் மகளுக்கு முதல் மூன்று மாதம் மாஸ்டர் செய்ததெல்லாம் இதுதான்: குத்துகளை வாங்கும் மெத்தை போன்ற பேடைக் கையில் மாட்டிக்கொண்டு அவள் நெற்றியை மெதுவாக, பஞ்சுபோலத் தொடுவார். கண் மூடினால், ‘மறுபடி’ என்பார். வலியே இல்லை. ஒரு நாள் திரும்பத் திரும்பத் தொட்டும் கண் திறந்தே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போனார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அதைப் பற்றியேதான் பேசினாள்.

ரோசத்துக்கும் இதற்கும் உள்ள உறவு இங்கேதான் தெரிகிறது. ஓங்கி ஓர் அடி வாங்கினால் உடனே திருப்பி வீசத் தோன்றும். அப்படி வீசுகிற கை அகலமாக வளைந்து வரும், தாடையைக் காக்க வேண்டிய இடத்தை விட்டுப் போயிருக்கும். எதிராளி காத்திருப்பதே அதற்குத்தான். அதனால் கோபத்தை அடக்கு என்று யாரும் உபதேசம் செய்யத் தேவையில்லை. கோபப்பட்டால் என்ன ஆகும் என்று அடுத்த நொடியே தெரிந்துவிடும்.

கைக்குப் பழகினால் தலைக்கு இடம் கிடைக்கும்

கூடத்தில் ‘ஒன், டூ, த்ரீ’ என்று சத்தம் கேட்கும். ஒன்று என்றால் ஜேப், இரண்டு என்றால் பின்கை நேர்க்குத்து, மூன்று என்றால் பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக். புதியவருக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாக யோசிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் தலைக்குள் வேறு எதற்கும் இடம் இருக்காது. இந்த இடத்துக்கு நடப்பு நினைவு என்று பெயர். ஒரே சமயத்தில் மனதில் பிடித்து வைத்துக் கையாளக்கூடிய அளவு அது, ரொம்பச் சின்னது. பழகப் பழக மூன்று குத்தும் சேர்ந்து ஒரே அசைவாகிவிடும். அப்புறம் காலியான இடத்தில் ‘இவன் ஒவ்வொரு ஜேபுக்குப் பிறகும் இடது கையை இறக்குகிறான்’ என்ற யோசனை வந்து உட்காரும். ஸ்கூட்டர் பழகியவர் வண்டியை மறந்து சாலையைப் பார்ப்பதும் இதே சங்கதிதான்.

மூன்று நிமிடமும் ஒரு நிமிடமும்

தேர்வு அறையில் கேள்வித்தாளைப் பார்த்ததும் படித்ததெல்லாம் மறந்துபோன அனுபவம் பலருக்கு இருக்கும். உள்ளங்கை வேர்க்கும், நெஞ்சு அடிக்கும், மூச்சு மேலேயே நிற்கும். ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன் அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ மோதவோ உடம்பைத் தயார் செய்வது அதன் வேலை. தசைக்கு அது நல்லது. நிதானமாக யோசிக்க வேண்டிய வேலைக்குக் கெடுதல். பார்வை ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோலக் குறுகிவிடும்.

முதல் தடவை வளையத்துக்குள் ஏறுகிறவர்கள் ஒரே நிமிடத்தில் மூச்சு வாங்கி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் உடல் பலம் குறைவு என்று நினைப்போம். கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், அவர்கள் மூச்சையே விடுவதில்லை. பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு குத்துக்கும் ‘உஸ்’ என்று மூச்சை வெளியே விடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீளமாக மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். நமக்குக் கட்டுப்படாத உடம்பின் பதற்றத்துக்குள் நம் கைக்கு எட்டுகிற ஒரே பிடி மூச்சுதான்.

பயம் போவது எப்படி என்றால், அது போவதில்லை, பழகுகிறது. ஊரில் கிணற்றில் நீச்சல் பழக்குவார்கள். முதலில் இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கை, மேல் படியில் கால். ஒரு வாரம் கழித்துக் குடுக்கை போகும், பிறகு கயிறு போகும். முதல் நாளே தூக்கிப் போட்டால் சில பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்ப் பக்கமே போக மாட்டார்கள். நல்ல பயிற்சிக்கூடமும் அப்படித்தான் படி வைத்திருக்கும்: கயிறு தாண்டுதல், எதிராளி இல்லாமல் காற்றில் ஆடும் ஷேடோ, பேட், தொடுவது மட்டும் அனுமதிக்கப்பட்ட ஆட்டம், கடைசியில்தான் ஸ்பேரிங். ஸ்பேரிங் என்றால் கூடத்துக்குள் நடக்கும் பயிற்சி ஆட்டம், வெற்றி தோல்வி கிடையாது.

1867ல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள்தான் கையுறையையும், மூன்று நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஓய்வு என்ற முறையையும் நிலைநிறுத்தின. அந்த ஒரு நிமிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்டூலில் உட்கார்ந்ததும் மாஸ்டர் எங்கள் கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘என்ன பாத்த?’ எத்தனை அடி அடித்தாய் என்று கேட்பதில்லை. நெஞ்சு படபடக்கும்போதே நடந்ததை நினைவுக்குக் கொண்டுவந்து, ஒரு வாக்கியத்தில் சொல்லி, அவர் சொல்லும் ஒரே ஒரு திருத்தத்தை எடுத்துக்கொண்டு எழ வேண்டும். பதற்றத்தின் நடுவில் யோசிக்கப் பழகுவது இப்படித்தான்.

சுருக்கமாக: முன்னூகம், அடக்கும் திறன், பதற்றத்தில் நிதானம். மனக்கூர்மை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை இவை.

கின்ஷாசா, 1974

இந்த மூன்றையும் ஒரே இரவில் பார்க்க வேண்டுமென்றால் 1974 அக்டோபர் 30க்குப் போக வேண்டும். அன்றைய ஜயர், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசா. அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காக விடியற்காலை நான்கு மணி வாக்கில் ஆட்டம். ஒரு பக்கம் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேன், வயது 25, ஆடிய 40 ஆட்டத்திலும் வெற்றி. இன்னொரு பக்கம் முகமது அலி, வயது 32. அலியைத் தோற்கடித்திருந்த ஜோ ஃப்ரேசியர், கென் நார்ட்டன் இருவரையும் ஃபோர்மேன் ஆளுக்கு இரண்டே ரவுண்டில் முடித்திருந்தார். அலிக்கு என்ன ஆகுமோ என்று அவருடைய ஆட்களே பயந்தார்கள்.

அலி ஓடி ஓடி ஆடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் இரண்டாவது ரவுண்டிலிருந்து கயிற்றில் போய்ச் சாய்ந்துகொண்டார். அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ மூலையிலிருந்து, கயிற்றைவிட்டு வா என்று கத்திக்கொண்டே இருந்தார். அலி வரவில்லை. உடம்பைப் பின்னால் வளைத்து, இரு கைகளாலும் முகத்தை மூடி, ஃபோர்மேனை அடிக்க விட்டார். பல அடிகள் கையிலும் தோளிலும் விழுந்தன, சில நன்றாகவே இறங்கின. நடுநடுவே நேர்க்குத்து ஒன்று, காதோரம் சீண்டும் பேச்சு ஒன்று. வெக்கையில் ஃபோர்மேன் தன் முழு பலத்தையும் ஒவ்வொரு குத்திலும் கொட்டினார். ஐந்தாவது ரவுண்டு முடியும்போது அவர் கைகள் கனத்துவிட்டன. எட்டாவது ரவுண்டின் கடைசியில் அலி கயிற்றிலிருந்து சுழன்று வெளியே வந்து தொடர்ச்சியாக அடித்தார். ஃபோர்மேன் விழுந்தார்.

அன்று ஃபோர்மேனிடம் பலம் இருந்தது, ரோசமும் இருந்தது. அலியிடம் திருப்பி அடிக்காமல் காத்திருக்கும் அடக்கம் இருந்தது. உலகத்திலேயே பலமாக அடிக்கிற மனிதர் முன்னால் நின்றுகொண்டு, இவர் எப்போது களைப்பார் என்று கணக்குப் போட முடிந்தது என்பதுதான் எனக்கு இன்றும் நம்ப முடியாமல் இருக்கிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது அதற்குப் பிறகு ஃபோர்மேனுக்கு நடந்தது. தோல்விக்கு முதலில் அவர் சாக்கு சொன்னார், கயிறு தளர்வாக இருந்தது என்றார். 1977ல் இன்னொரு தோல்விக்குப் பின் ஆட்டத்தையே விட்டு மதபோதகர் ஆனார். பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தவர், பதறாத, சிரித்த முகமுள்ள வேறு மனிதர். 1994 நவம்பரில், 45 வயதில், அன்றைய சாம்பியன் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி மறுபடியும் சாம்பியன் ஆனார். அந்த ஆட்டத்தில் ஒன்பது ரவுண்டு அடி வாங்கிக்கொண்டு பொறுமையாக நின்றவர் அவர்தான். அலியும் அவரும் நெருங்கிய நண்பர்களானார்கள்.

குணம் தானாக வருமா?

வராது. இதை உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மைக் டைசனுக்குச் சிறுவயதில் கிடைத்த கஸ் டமாட்டோ, பயத்தைப் பற்றியும் மன அடக்கத்தைப் பற்றியும் அவரைப்போல யோசித்த பயிற்சியாளர் அதிகம் இல்லை என்று சொல்லத்தக்கவர். சீர்திருத்தப் பள்ளியில் இருந்த பையனைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்த்தார். டமாட்டோ 1985ல் இறந்தார். அடுத்த வருடம் 20 வயதில் டைசன் ஹெவிவெயிட் சாம்பியன், அந்த எடைப்பிரிவில் அதுவரை யாரும் தொடாத இளம் வயது. 1992ல் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்றார். 1997ல் ஆட்டத்தின் நடுவே எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்து வெளியேற்றப்பட்டார். வளையத்துக்குள் பழகிய அடக்கம் வெளி வாழ்க்கைக்கும் தானாக வந்துசேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அப்படியானால் குணம் எங்கிருந்து வருகிறது? கூடத்தின் பழக்கவழக்கத்திலிருந்து. ஸ்பேரிங்கில் உங்களைவிட எளியவரோடு ஆடும்போது பலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டம். குறைக்காதவனை மாஸ்டர் கண்டிக்காமல் விட்டால், அந்தக் கூடம் அவனுக்குக் கொடுமையைக் கற்றுக்கொடுக்கிறது. கண்டித்தால் பொறுப்பைக் கற்றுக்கொடுக்கிறது. இரண்டும் ஒரே வளையம், ஒரே கையுறை. ஆட்டத்துக்கு முன் கையுறையைத் தொட்டுக்கொள்வதும் முடிந்ததும் கட்டிப்பிடிப்பதும் சடங்கு மாதிரித் தெரியும். அடிபட்டவர் கண்ணில் நீர் நிற்கும்போது அடித்தவர் போய், ‘ஒண்ணும் இல்லையே?’ என்று கேட்பதை ஒருமுறை பார்த்தால் அதன் அர்த்தம் புரியும். அப்புறம் இன்னொன்று. இங்கே பழிபோட ஆள் இல்லை. பந்து சரியாக வரவில்லை, கூட ஆடியவன் சொதப்பினான் என்று சொல்ல முடியாது. கையை இறக்கினாய், அடி விழுந்தது.

தலையில் விழும் அடி

பாக்சிங் மூளைக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் பேசாமல் தாண்டிப்போகும் இடம் இது. பயிற்சி மூளையைக் கூர்மையாக்கலாம். தலையில் விழும் அடி மூளையைக் கெடுக்கும். தூக்குவாளியில் சாம்பார் கொண்டுபோகும்போது சட்டென்று நின்றால் வாளிக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே இருப்பது அலம்பும். மண்டைக்குள் மூளையும் அப்படித்தான் குலுங்குகிறது. இந்தக் குலுக்கலால் மூளை வேலை தற்காலிகமாகத் தடுமாறுவதை மூளை அதிர்ச்சி என்கிறார்கள். தலைக்கவசம் கிழிசலையும் வீக்கத்தையும் குறைக்கும், உள்ளே நடக்கும் குலுக்கலை நிறுத்தாது.

1928லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், அடி வாங்கி வாங்கித் தள்ளாடும் நடையும் குழறும் பேச்சுமாக ஆகிவிட்ட குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அலிக்கு 1984ல், கை நடுங்கி உடல் அசைவு தடுமாறும் பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். அவர் வாங்கிய அடிகள்தான் காரணமா என்று அவர் ஒருவரை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் திரும்பத் திரும்பத் தலையில் விழும் அடி மூளையைச் சிதைக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2006ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ‘ராக் ஸ்டெடி பாக்சிங்’ என்று பார்க்கின்சன் நோயாளிகளுக்காகவே ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். யாரும் யாரையும் அடிப்பதில்லை. குத்துப் பை, பேட், காலசைவு, எண் சொல்லச் சொல்லக் குத்துவது, அவ்வளவுதான். நாம் மேலே பார்த்த நன்மைகளில் பெரும்பகுதி, தலையில் ஓர் அடிகூட விழாமலே கிடைக்கக்கூடியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர் ஒரு மாலை முழுக்கக் கூடத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். சேர்ந்த முதல் வாரமே ஸ்பேரிங் விடுகிறார்களா? தலையில் பலமாக அடிபட்ட பிள்ளையை அன்றைக்கே மறுபடி ஏற்றுகிறார்களா? அப்படியென்றால் அங்கே வேண்டாம். தலைவலி, மயக்கம், வாந்தி, பேச்சில் தடுமாற்றம் எது இருந்தாலும் ஆட்டம் அத்தோடு நிற்க வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

போன மாதம் ஒரு மாலை, தொடு ஆட்டத்தில் என் மகளுக்கு மூக்கில் கொஞ்சம் பலமாகவே பட்டுவிட்டது. கண்ணில் நீர் கட்டியது. எதிரே ஆடியவள் உடனே கையை இறக்கிவிட்டு இரண்டு அடி பின்னால் போனாள். மாஸ்டர் நிறுத்தினார், மூக்கைத் தொட்டுப் பார்த்தார், விரலைக் காட்டி எண்ணச் சொன்னார், தலை சுற்றுகிறதா என்று கேட்டார். நான் எழுந்து பாதி தூரம் போய்விட்டேன். அப்புறம் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்:

“அவ பின்கால் திரும்புச்சு மாஸ்டர். பாத்தேன். பாத்துட்டும் கைய ஏத்தல.”

“சரி. இன்னிக்கு போதும். உக்காந்து மத்தவங்க கால பாரு.”

மீதி அரை மணி நேரமும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் காலையும் பார்த்து, குத்து வருவதற்கு முன்பே ‘இப்போ, இப்போ’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.